‘ஆச்சுங்களா’ காளியப்பனும் ஒரு வில்பட்டையும்

‘ஆச்சுங்களா?’ ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலையில் அரிசி விழுந்ததுமே இலை போட்டு உட்காருவார்கள். பாதிச் சவரத்தில் எழுந்து துண்டை உதறுவார்கள். மருந்து தொண்டைக்குள் இறங்குமுன்பே நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். என்ன பொறுமை!

ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குச் சொந்தப் பஸ் ஓட்டிய காளியப்பன் இந்த இனத்தின் தலைவர். 1936இல் அவர் மகள் வசந்தாமணிக்குச் சேலத்தில் கல்யாணம். விடிகாலை முகூர்த்தம்; முதல்நாளே கிளம்பவேண்டும். பெண்வீட்டார் எல்லோரையும் தம் பஸ்ஸிலேயே கொண்டுபோய் இறக்குவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பஸ் முதலாளி மாட்டு வண்டியில் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டில் மானம் என்ன ஆவது?

கிளம்பும் நாள் காலையில் பார்த்தால், சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில்பட்டை விரிசல் விட்டிருந்தது. பட்டறை ராசப்பன் ஆசாரி வேறொரு பழைய பட்டையைத் தேடியெடுத்து, துரு போகத் திராவகத்தில் ஊறவைத்து, கழுவி, சூட்டுச் சாம்பலில் புதைத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்.

“ஆச்சுங்களா?”

“பொழுது சாயட்டுமுங்க.”

“அதான் பளபளன்னு இருந்துச்சே, இன்னும் என்னத்துக்குங்க சாம்பல்ல?”

“திராவகத்துல கெடக்கறப்ப இரும்புக்குள்ளாற ஒரு காத்துப் பூந்துக்குதுங்க. சந்துபொந்துல ஒளிஞ்சுக்கிட்டு நம்மளை ஏமாத்தும். சூட்டுல கெடந்தாத்தான் வெளிய வரும். இல்லீன்னா பட்டை ஒடிஞ்சு போகுமுங்க.”

இரும்பென்ன பந்தா, காற்று அடைக்க? காளியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கால் மணிக்கு ஒரு தரம் ‘ஆச்சுங்களா’ போட்டுப் பார்த்தார். ஆசாரி சாப்பிடப் போன சமயம், இடுக்கியால் பட்டையைத் தாமே உருவிக்கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

மூன்று மணிக்குச் சீர்வரிசை பஸ்ஸின் கூரை ஏறியது, சனங்களும் ஏறினார்கள். “ராகுகாலமுங்க, நாலரைக்குக் கெளம்பலாம்” என்றார்கள் பெரியவர்கள். தலையெழுத்தே என்று காளியப்பன் காத்திருந்தார்.

நாலேகாலுக்குப் படீரென்று ஒரு சத்தம். ஓடவில்லை, குழியில் இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஆசாரி ஓடிவந்தார். பட்டை ஒடிந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டார். பொடிப் பொடியாக நுரை கிளம்பியது.

“பாருங்க, இப்பத்தான் வெளிய வருது.”

காளியப்பன் நுரையைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து பட்டுச்சேலையோடு இறங்கும் மகளைப் பார்த்தார். ஓடும்போது ஒடிந்திருந்தால்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“வண்டி கட்டச் சொல்லுங்கப்பா,” என்றாள் வசந்தாமணி. “முழுசாப் போய்ச் சேந்தாப் போதும்.”

அப்படித்தான் போனார்கள், முகூர்த்தமும் தவறவில்லை. அன்றோடு காளியப்பன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பாதி வழியில் மல்லூர் வரைக்கும் திருந்தித்தான் இருந்தார். அங்கே வண்டிக்காரரின் தோளைத் தட்டி, “ஏனுங்க, சேலம் வந்தாச்சுங்களா?” என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பஸ் சாய்ந்ததா, முகூர்த்தம் நடந்ததா என்று பாதியிலேயே இந்தக் கடைசி வரிக்குத் தாவிவந்தீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: ஆச்சுங்களா?