சபாஷ் விரல்

"நான் மேல போகமாட்டேன்! ஒரேயடியா மேல போற வரைக்கும் இந்த ரூமை விட்டு நகரமாட்டேன்!"

பிரேக் மாஸ்டர் இப்படிச் சூளுரைத்ததைக் கேட்டவை பதினொரு மீன்தொட்டிகள். அவை குபுகுபுவென்று குமிழி விட்டுச் சிரித்தன.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்பவன் காலடியில் ஒரு பிரேக், அவர் காலடியில் ஒரு பிரேக். இருபத்தாறு வருஷம் மிதித்ததில் ஒரு கால் மற்றதைவிடப் பருத்தே போய்விட்டது. வீட்டில் யார் எதைத் தொடங்கினாலும் அந்தக் கால்தான் முதலில் தரையை அழுத்தும்.

முன்னறையில்தான் சாலைச் சின்னங்கள் பாடம் நடக்கும். அங்கே ஒரு வாரம் தங்கிப்போக வந்தான் மச்சினன். ஒரு வாரம் நாலு மாதமானது. ஒரு தொட்டி பதினொன்றானது. மீன் வளர்த்து விற்கிறானாம். விற்றதை ஒருவரும் பார்க்கவில்லை, வளர்த்ததைத்தான் பார்த்தார்கள். 'வளைவில் முந்தாதே' பலகைக்கு முன்னால் இப்போது இரண்டு மீன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன.

"மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு? உங்க கிளாஸை அங்க வச்சுக்கங்களேன்" என்றாள் மனைவி.

"தகரக் கூரை! ஏறினவன் வெந்து இறங்குவான். மீனை ஏத்து!"

"மீன் வெந்துடுமே."

"நான் வெந்தா பரவாயில்லையா?"

அவள் யோசித்தாள். அவள் யோசித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவள் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயில் பஞ்சு அடைத்துக் கிடப்பவன் என்ன சொல்ல நினைக்கிறான் என்பதைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வாய் திறந்திருக்கும் கணவனெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்?

இந்த நேரத்தில்தான் மாஸ்டரின் பழைய மாணவி ஒருத்தி வந்து அழைத்தாள். நாலு முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவள். இப்போது பவளப்பாறைக் கடலில் ஆட்களை முக்குளிக்கக் கூட்டிப்போகிறாள். கணவனும் மனைவியும் மூன்று வாரம் நீச்சல்குளத்தில் பழகினார்கள். கடைசி நாள் தலை துவட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, ஒரு பந்தயம். கடலுக்குள்ள யார் முதல்ல 'மேல போகலாம்'னு சைகை காட்டுறாங்களோ, அவங்க சாமான் மாடிக்கு."

மாஸ்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்ணில் சோப்பு பட்டாலே ஊரைக் கூட்டுகிறவள்! ஐந்து நிமிஷம் தாங்குவாளா?

"சம்மதம். அப்புறம் அழக்கூடாது."

"அழலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரோட்டுல போற எவனெவனுக்கோ கட்டைவிரலைத் தூக்கி சபாஷ் சொல்றீங்க. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கீங்களா?"

"நீ என்னைக்கு ஒழுங்கா ஒரு வளைவு திரும்பின?"

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கார் பழக்கியிருந்தார். முதல் வளைவிலேயே வண்டி சுவரை முட்டியது. அவர் போட்ட கூச்சலில், அன்று இறங்கியவள் பிறகு ஸ்டியரிங் பக்கம் போகவே இல்லை. இப்போது துண்டைப் பிழிந்தாள். கொஞ்சம் அதிகமாகவே பிழிந்தாள்.

படகில் மாணவி விளக்கினாள்.

"இன்னிக்கு நீரோட்டத்தோட போறோம். எதையும் பிடிக்கக்கூடாது. பவளத்தைத் தொடவே கூடாது. எதிர்த்து நீந்தக்கூடாது. தண்ணி கொண்டுபோற இடத்துக்குப் போகணும். என் கயித்துல இருக்கற மிதவையைப் பார்த்துக்கிட்டு படகு பின்னாலயே வரும்."

"பிரேக்?"

"இல்ல சார்."

"ஒரு அவசரத்துக்கு?"

"இல்லவே இல்ல சார். நாப்பது நிமிஷம் ஆனதும் நானே மேல கூட்டிட்டு வந்துடுவேன். அப்படி வந்தா உங்க பந்தயம் செல்லாது, அக்கா சொன்னாங்க. இப்ப சைகை. விரலை வளையமாக்கினா 'நல்லா இருக்கேன்'. கட்டைவிரலைத் தூக்கினா 'மேல போகலாம்'. ஒருத்தர் தூக்கினாலும் எல்லாரும் ஏறியாகணும். சார், உங்களுக்குத்தான் சொல்றேன், அது சபாஷ் இல்ல. நீச்சல்குளத்துல ஆறு தடவை தூக்கி, ஆறு தடவையும் எல்லாரையும் மேல ஏத்திட்டீங்க."

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கே சிக்னல் பாடமா? இடதுபக்க சிக்னல் எதுன்னு உனக்குப் புரியவைக்க ஏழு மாசம் ஆச்சு!"

"அதனாலதான் சார், ரோடே இல்லாத இடத்துல வேலை தேடிக்கிட்டேன்."

மனைவி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

குதித்தார்கள்.

தண்ணீர் அவரைக் கேட்காமலே கிளம்பியது. பவளப்பாறைகள் ஜன்னலோரக் காட்சி போல ஓடின. மஞ்சளும் நீலமுமாய் மீன் கூட்டம். ஒவ்வொன்றும் மச்சினனின் தொட்டியிலிருந்து தப்பி வந்து தன்னை வேவு பார்ப்பதாகவே அவருக்குப் பட்டது. பருத்த கால் தன்னால் மிதித்தது. பிரேக் இல்லை. மறுபடி மிதித்தார். கால் துடுப்பு கழன்றுவிடப் பார்த்தது. ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு ஓட்டத்தில் போகத் தெரியவில்லை. கடலுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் எவன் என்று காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டே திட்டினார். திட்டெல்லாம் குமிழியாகி மேலே போனது. அவர் மட்டும் போகவில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் சீட் கிடைத்தவள் போல வந்துகொண்டிருந்தாள். அவர் முறைத்தார். அவள் விரலை வளையமாக்கிக் காட்டினாள். அதைவிட வேறு வசவு வேண்டுமா?

முப்பதாவது நிமிஷம் எதிரே ஒரு வளைவு. வீட்டளவு பவளப் பாறை. நீரோட்டம் அதில் மோதி இடதுபக்கம் வெட்டித் திரும்பியது. மாஸ்டர் கையைக் காலை உதறி, தலைகீழாய்ப் புரண்டு, எப்படியோ சுற்றிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தார். முட்டப்போகிறாள். சுவரை முட்டின மாதிரியே முட்டப்போகிறாள்!

அவள் முட்டவில்லை. ஒரு மூச்சு இழுத்தாள். உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. இடது தோளை லேசாகச் சாய்த்தாள். பாறைக்கு ஒரு முழம் விலகி, அதில் முளைத்திருந்த ஒரு பவள விசிறி கூட அசையாமல், அந்த வளைவை அப்படியே வழித்தெடுத்தாற்போலத் திரும்பினாள். அவசரமில்லை, அலைச்சலில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் பேர் வளைவைக் கொலை செய்ததைப் பார்த்தவர் மாஸ்டர். இப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்ததில்லை.

மனசுக்குள் என்னவோ இளகியது. கை தானாக எழுந்தது. கட்டைவிரல் நிமிர்ந்தது.

சபாஷ்!

மனைவி உடனே தன் கட்டைவிரலை உயர்த்தினாள். மாணவியும் உயர்த்தினாள். மாஸ்டர் இரண்டு கையையும் ஆட்டினார், தலையை ஆட்டினார், விரலை மடக்கி மறைத்துப் பார்த்தார். கேள்வியே கிடையாது. எல்லாரும் ஏறினார்கள். பாதி வழியில், ஐந்து மீட்டர் ஆழத்தில், மூன்று நிமிஷம் கயிற்றைப் பிடித்து நின்றுதான் ஏறவேண்டும் என்பது விதி. கோபத்தை வைத்துக்கொண்டு, பேச முடியாமல், மனைவி முகத்துக்கு நேராக மூன்று நிமிஷம் தொங்கினார்.

தலை வெளியே வந்ததும் வெடித்தார். "செல்லாது! அது 'மேல போகலாம்' இல்ல! உன்னை மெச்சித்தான் காட்டினேன்! நீ திரும்பினது அவ்ளோ நல்லா இருந்துச்சு!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது.

மனைவி முகக்கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீராக இருக்கலாம்.

"தெரியும். மூணு வாரமா குளத்துல அந்தத் திருப்பத்தை மட்டும்தாங்க பழகினேன்."

"அப்ப பந்தயம்?"

"அதையும் ஜெயிச்சுட்டேன்."

வீட்டு வாசலில் மச்சினன் ஈரக்கையோடு நின்றான். தரையில் பன்னிரண்டாவது தொட்டி.

"மாமா! கடல் எப்படி இருந்துச்சு?"

மாஸ்டர் பல்லைக் கடித்தார். மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவருக்கு நேராகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

'வளைவில் முந்தாதே' பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாஸ்டர் மேலே போனார்.