நோயாளிப் படகில் போன பேச்சுவார்த்தை

நடிக்கத் தெரியாதவன் இன்னொருவருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதை நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சொல்கிறேன். முப்பத்திரண்டு வயதில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆளிடம் நாலு கேள்வி கேட்டு மடக்கி அனுப்பியிருப்பேன்.

அப்போது நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பயணிகள் படகு ஓட்டுகிற பதினொரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். அதற்கு நான் செயலாளர். (வீட்டில் பூனைகூட என் சொல்லுக் கேட்பதில்லை. சங்கத்தில் பத்துப் பேர் கேட்டார்கள். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?) தலைவர் அருமைத்துரை அண்ணை. ஐம்பத்தேழு வயது. சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அவருடைய படகு என்றால்தான் ஏறுவோம் என்று கரையில் காத்து நிற்கிற சனம் இருந்தது.

படகு முதலாளிமாரோடு புது ஒப்பந்தம் எழுத வேண்டிய காலம் அது. சம்பள உயர்வு, மழைக்கோட்டு, கிழமையில் ஒரு நாள் ஓய்வு என்று நான் இரண்டு பக்கத்துக்குக் கோரிக்கை எழுதினேன். அண்ணை அதை வாங்கி வாசித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு படகுக்கும் இரண்டாவது ஓட்டி வேண்டும் என்பது அந்த வரி.

"மற்றதெல்லாம் போனாலும் போகட்டும் தம்பி, இதை விட்டிடாதை. நாலு தரம் போய் வாறதுக்கை ஒருக்கால் இருந்து எழும்ப ஒரு ஆள் இருந்தால் காணும். நான் இன்னும் அஞ்சு வருசம் ஓட்டுவன்."

"ஏன் அண்ணை, களைக்குதோ?"

"வாய்வு. வேறை ஒண்டுமில்லை. சுக்கானை விட்டிட்டு வீட்டில இருந்தால் நான் ஆர், சொல்லு பாப்பம்?"

நான் சிரித்தேன். வாய்வுக்கு உள்ளி நல்லது என்று வைத்தியமும் சொன்னேன்.

முதலாளிமார் இரண்டாவது ஓட்டி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. வேலைநிறுத்தம் செய்தோம். நோயாளியையும் பிரேதத்தையும் மறிப்பது எங்கள் தீவில் இல்லாத வழக்கம். ஆகவே, அந்த இரண்டையும் தவிர ஒரு குருவியும் படகில் ஏறக் கூடாது என்று நானே விதி எழுதி, அடியில் கோடும் போட்டு, இறங்குதுறையில் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு முதலாளிமாரின் தலைவர் தொலைபேசியில் வந்தார். "இண்டைக்குப் பத்து மணிக்கு ஊர்காவற்றுறைக்கு வாங்கோ, கதைச்சு முடிப்பம். வராட்டில் நாளைக்கு வேறை இடத்து ஓட்டிமாரை இறக்கிறதைத் தவிர வழியில்லை."

வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, அண்ணையையும் கூட்டிக்கொண்டு துறைக்கு ஓடினேன். அங்கே போய் நின்றபோதுதான் விளங்கியது. ஊர்காவற்றுறைக்குப் போக முதலில் கடலைக் கடக்க வேண்டும். கடலைக் கடக்கப் படகு வேண்டும். படகெல்லாவற்றையும் கட்டி வைத்தது நாங்கள்.

"எங்கடை படகுதானே, ஒண்டை அவிழுங்கோவன்" என்று கேட்டேன். துறையில் காவலிருந்த எங்கள் ஆட்கள் சுவரைக் காட்டினார்கள். என் கையெழுத்து, அடியில் கோடு. "ஒரு குருவியும் எண்டு எழுதினது நீங்கள்தானே, செயலாளர்" என்றான் ஒருவன். மனைவி சுதா தொலைபேசியில், "போனிலையே கதைச்சு முடிக்கேலாதோ?" என்று கேட்டாள். (ஏலும். இப்போது யோசித்தால் நன்றாகவே ஏலும்.) அன்றைக்கு அதைச் சங்கத்துக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, "உமக்கு இது விளங்காது" என்று வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. நோயாளி போகலாம். நோயாளியோடு துணைக்கு ஒருவர் போகலாம். நாங்கள் போக வேண்டியதும் இரண்டு பேர்தான்.

"அண்ணை, நீங்கள் நெஞ்சைப் பிடியுங்கோ" என்றேன்.

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேறை வருத்தம் கிடையாதோ? வயித்துக்குத்து எண்டு சொல்லுவம்."

"வயித்துக்குத்துக்கு மருந்து தந்து வீட்டை அனுப்பிப்போடுவினம். நெஞ்செண்டால்தான் படகு."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன். இடக்கையைத் தொங்கவிடுங்கோ, மூச்சைக் குறுக்கிக் குறுக்கி விடுங்கோ, வேர்க்கிறது எண்டு சொல்லுங்கோ. "கையும் உளையும்" என்றார் அண்ணை மெதுவாக. அட, இது எனக்குத் தோன்றவில்லையே என்று மெச்சினேன்.

மருத்துவர் இளம்பெண். அண்ணையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி வைத்து மறுபடியும் கேட்டார். பிறகு மூன்று குளிசைகளை அண்ணையின் வாயில் போட்டு, உடனே யாழ்ப்பாணத்துக்கு என்று எழுதித் தந்தார். வெளியே வந்து, "அண்ணை, நீங்கள் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் அவரைப் படுக்க வைத்தோம். படுத்தபடியே சுக்கான் பிடித்தவனுக்கு, "அலையை நேரை வாங்காதை, கொஞ்சம் சரிச்சு விடு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். குறிகட்டுவானில் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி, பஸ் ஏறுவது எங்கள் திட்டம். ஆனால் மருத்துவர் முன்கூட்டியே சொல்லி, அங்கே அம்புலன்ஸ் ஒன்று கதவைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டு பேர் இறங்கி அண்ணையைத் தூக்கினார்கள்.

"இவருக்கு ஒண்டுமில்லை, நல்ல சுகம்" என்றேன்.

"துணைக்கு வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை" என்றார் தாதி. "நீங்கள் மகனோ?"

அண்ணை படுக்கையில் இருந்து என் கையைப் பிடித்தார். "நீ கூட்டத்துக்குப் போ. ரெண்டாவது ஓட்டியை விட்டிடாதை. நான் இவையைச் சமாளிச்சுக்கொண்டு வாறன்."

கதவு சாத்தப்பட்டது. நான் பஸ்ஸில் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். பஸ்ஸில் நான் கவலைப்படவில்லை. பேச்சைத் தயாரித்தேன்.

கூட்டத்தில் முதலாளிமாரின் தலைவர், "எங்கை உங்கடை தலைவர்?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். எங்கள் தலைவர் இந்த நேரம் அம்புலன்ஸில் போகிறார் என்றேன். ஒற்றை ஆளாகச் சுக்கான் பிடித்துப் பிடித்தே அவருடைய நெஞ்சு பழுதாய்ப் போனது என்றேன். குரலைக் கொஞ்சம் உடைத்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்த மாதிரித் துடைத்தேன்.

முதலாளிமார் வெளிறிப் போனார்கள். மூன்று மாதம் கேட்டும் கிடைக்காத இரண்டாவது ஓட்டி பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஆனால் அவர்களின் தலைவர் ஒன்று கேட்டார். "நெஞ்சு வருத்தக்காரர் படகு ஓட்டினது எங்களுக்குத் தெரியாது. சனத்தின்ரை உயிர், தம்பி. வருசா வருசம் ஓட்டிமாருக்கு மருத்துவச் சான்றிதழ் வேணும். இருதய வருத்தம் உள்ளவை சுக்கான் பிடிக்கக் கூடாது. இதையும் எழுதுவம்."

நியாயமான பேச்சு. எங்கள் பதினொரு பேரில் அப்படி ஒருவரும் இல்லை என்பதும், அண்ணை சுகமாக வந்து சான்றிதழ் காட்டுவார் என்பதும் எனக்குத் தெரியும். தாளை என் பக்கம் இழுத்து நானே எழுதி, கையெழுத்தும் வைத்தேன்.

வெளியே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. அண்ணையின் மனைவி பூமணி அக்கா. தீவில் இருந்து பேசினார்.

"ஆஸ்பத்திரியாலை எடுத்தவை, தம்பி. நெஞ்சிலை மூண்டு குழாய் அடைச்சிருக்காம். முந்தியும் ஒருக்கால் மாரடைப்பு வந்து போயிருக்காம். என்னட்டை ஒரு வருசமாய் வாய்வு எண்டெல்லோ சொன்னவர். உமக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியாது அக்கா என்றேன். பிறகு வீதியோரத்தில் குந்திவிட்டேன். அவர் எங்களை ஏமாற்றவில்லை, நோவு வரும்போது ஐந்து நிமிடம் குந்தியிருக்க ஒரு ஆள் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆளையும் வாங்கிக் கொடுத்து, அவருடைய சுக்கானையும் பறித்துக் கொடுத்துவிட்டு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் அண்ணை கேட்ட முதல் கேள்வி, "கிடைச்சுதோ?"

"ஓம் அண்ணை."

"பிறகேன் செத்த வீட்டு முகம்?"

மற்றதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிழமை கழித்து ஒப்பந்தத்தை அவரே வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியாய்த்தான் எழுதியிருக்கிறாய்" என்றார். ஒரு வசவு விழுந்திருந்தால் நான் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பேன். நீ அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகாட்டில் நடுக்கடலில விழுந்திருப்பன், சனத்தோடை, என்று அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார். அது உண்மைதான். உண்மையாக இருப்பதால் நோவு குறைந்துவிடுவதில்லை.

அவருடைய படகு எனக்கு வந்தது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போக அதில்தான் அவர் வருவார். நோயாளிப் படகுக் கதையைச் சனத்துக்குச் சொல்லிச் சிரிக்க வைப்பதும் அவர்தான். என் குரல் உடைந்ததையும் கண் துடைத்ததையும் அவர் நடித்துக் காட்டும்போது, அருகில் இருந்து பார்த்த ஆள் என்றே நினைப்பார்கள்.

இந்த முறை கிளினிக்கால் திரும்பி வரும்போது கடல் அசையாமல் கிடந்தது. சனமும் குறைவு. இரண்டாவது ஓட்டி வாங்குப் பலகையில் படுத்து நித்திரை. அண்ணை எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். சுக்கானில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிசம் தாறியோ தம்பி?"

தரலாம். ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"ஏலாது அண்ணை."

"ஓம், ஏலாதுதான்" என்றார். என் தோளைத் தட்டினார். "ஆர் கேட்டாலும் குடுத்திடாதை." பிறகு கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சனத்தோடு இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தேன். சோற்றைப் பிசைந்தேன், வாயில் வைக்கவில்லை. "என்ன செய்யுது?" என்று கேட்டாள் சுதா.

"நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது" என்றேன்.

"ஏன், நாளைக்கும் ஆரோடையும் பேச்சுவார்த்தையோ?" என்றாள் அவள், வழக்கம்போல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.