முழங்கை விழுந்த போட்டோவும் போன் பூட்டும்

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் ஒரு கண் நலம். மற்ற கண்ணின் நலம் போகப்போகத் தெரியும். அங்கே நீயும், உன் இரண்டு கண்களும், உன் முழங்கால்களும், நீ என்னிடம் இரவல் வாங்கிப்போய் இன்றுவரை திருப்பித் தராத என் பூப்போட்ட குடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எழுதிக்கொள்வது என்றேனே தவிர, எழுதுவது நான் இல்லை. கண்ணைக் கீறிய டாக்டர் எழுதாதே, படிக்காதே, குனியாதே, கண்ணில் தண்ணீர் படவிடாதே என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். கோபப்படாதே என்று மட்டும் சொல்லவில்லை, அதனால் பிழைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் நாத்தனார். ஆமாம், அவளேதான். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. மயக்கம் போட்டு விழுந்துவிடாதே. அவள் எப்படி என் மேஜையில், என் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். (நிறுத்தாதே, எழுது. "அவளேதான்" என்றால் அவளேதான் என்று எழுது.)

முதலில் உன் விஷயம். உன் மகன் வாங்கித் தந்த போனைத் துண்டில் சுற்றி, அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாயாம். அதில் வருகிற வார்த்தைகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, நமக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னால் தேவலை என்று எழுதியிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் லாண்டரி கவுண்டரில் உட்கார்ந்து ஊர் அழுக்கையெல்லாம் வாங்கிப் போட்டவள். பேத்தி எனக்குப் போன் சொல்லிக்கொடுத்தபோது பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், இது வேறொன்றும் இல்லை, நம்ம லாண்டரிதான்.

கிளவுட் என்றால் வானத்தைப் பார்க்காதே. உன் துணியை நீ வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எங்கள் கடை அலமாரியில் விட்டுவைக்கிறாய் அல்லவா, அதுதான். அலமாரி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டாம், டோக்கன் இருந்தால் போதும். அந்த டோக்கன்தான் பாஸ்வேர்ட். டோக்கன் இல்லாமல் வந்தால் கடவுளே ஆனாலும் வேட்டி கிடையாது. ஓடிபி என்பது ஒரு தடவை காட்டியதும் கிழித்துப் போடுகிற சீட்டு. அதை வெளியாளுக்கு வாசித்துக் காட்டினாயோ, உன் துணியை அவன் உடுத்திக்கொண்டு போய்விடுவான். வைரஸ் என்பது வெள்ளைத் துணி ஊறுகிற தொட்டியில் எவனோ தூக்கிப் போட்ட சாயம் போகிற சிவப்புச் சட்டை. அப்டேட் என்பது முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக அலமாரியெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, காலையில் வந்து "எல்லாம் உங்க வசதிக்குத்தாம்மா" என்று சொல்வது. நோட்டிஃபிகேஷன் என்பது என் எதிர்வீட்டுக்காரி. ஒன்றுமே இருக்காது, ஆனால் கதவைத் தட்டுவாள். பிளாக் என்பதை உனக்குச் சொல்லித்தரவே வேண்டாம், நம் குடும்பத்து ரத்தம் அது. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோமே, அதைத்தான் போனில் விரலால் செய்கிறார்கள்.

அட்மின் என்றால் கடையின் ஷட்டர் சாவியை வைத்திருப்பவர். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் நான். பேத்தி மரியாதைக்காகக் கொடுத்த பதவி. அந்தச் சாவி கைக்கு வந்ததும் நான் செய்த முதல் நல்ல காரியம், நாத்தனாரை உள்ளே விடாததுதான். "அத்தைப்பாட்டியைச் சேர்க்கலாமே பாட்டி" என்று பேத்தி கெஞ்சினாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இனி பூட்டு எண். போனைத் திறக்க ஆறு எண் கேட்கும். சில பேர் விரலை வைத்தே திறக்கிறார்கள். என் விரலை அது ஏற்கவில்லை. இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து என் விரலில் ரேகையே இல்லையாம், தேய்ந்துபோய்விட்டதாம். அதனால் எண்தான். பேத்தி சொன்னாள், "பிறந்த நாளை வைக்காதே பாட்டி, யார் வேணா கண்டுபிடிச்சிடுவாங்க. வேற யாருக்கும் தோணாத தேதியா, உனக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் மறக்காததா வை." எனக்கு மறக்காத தேதிக்குப் பஞ்சமா? யார் என்னை என்றைக்கு என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தேதிவாரியாக மடித்து, இஸ்திரி போட்டு உள்ளே அடுக்கியிருக்கிறேன். அதில் மேல்தட்டில் இருந்ததை எடுத்து வைத்தேன். ஸ்டூடியோவில் குடும்ப போட்டோ எடுத்த நாள்.

அந்த போட்டோவை உன்னிடம் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு நீ உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும், அது இருக்கட்டும். போட்டோக்காரர் எனக்கென்று நடுவில் போட்ட நாற்காலியில் இந்த நாத்தனார் வந்து ஜம்மென்று உட்கார்ந்தாள். நான் ஓரத்துக்குத் தள்ளப்பட்டேன். பிரிண்ட் வந்தபோது வீட்டின் மூத்த மருமகள் அதில் ஒரு முழங்கை. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "இது யாரோட கை?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் நானே வாயைத் திறந்து "அது நான்" என்று சொல்ல வேண்டும்.

சரி, ஆபரேஷன் நாளுக்கு வருகிறேன். மகனும் மருமகளும் பேத்தியின் பிரசவத்துக்காக விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் போனும் அணைந்து கிடந்தது. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆள் இல்லை. நாத்தனார் அழைக்காமலே பையோடு வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டேன். காலையில் என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்புதான் பேத்தியின் புருஷன் போன் செய்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், பேத்தியையும் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அதோடு என் கண்ணுக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தால் ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை. வார்டில் எதிர்ச் சுவர் எது, நர்ஸ் எது என்று தெரியவில்லை. பைக்குள்ளே போன் டிங் என்றது.

"அண்ணி, உன் போன் கூப்பிடுது."

"எடுத்து என்னன்னு பாரு."

"குடும்ப குரூப்புல ஏதோ குரல் மெசேஜ் வந்திருக்கு. தவறிப்போன கால் வேற இருக்கு. திறக்க நம்பர் கேக்குது. சொல்லு."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? எந்த நாளை இவளிடமிருந்து காப்பாற்ற வேண்டுமோ, அதை இவள் காதிலேயே போடுவதா? "குடு, நானே போடறேன்" என்று வாங்கித் தடவித் தடவி அமுக்கினேன். உர்ர் என்றது. விடாமல் இன்னும் நாலு தடவை அமுக்கினேன். மறுபடியும் உர்ர்.

வேறு போனிலிருந்து கூப்பிடலாமே என்று நீ கேட்பாய். எனக்கு எல்லார் நம்பரும் மனப்பாடம், தண்ணீர் கேன் போடுகிறவன் நம்பர் உட்பட. பேத்தி நம்பரை நர்ஸ் போனில் போட்டுப் பார்த்தோம், அணைந்திருந்தது. மிச்சம் அவள் புருஷன். அவன் நம்பர் நாத்தனாரிடமும் இல்லை, நானும் அதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று எல்லார் எதிரிலும் ஏதோ தள்ளாதவளிடம் சொல்வதுபோல என்னைப் பார்த்து "நீங்க போய்ப் படுங்க பாட்டி, படுங்க பாட்டி" என்று சொன்னவன். அப்படிப்பட்டவன் நம்பருக்கு என் தலையில் இடம் இல்லை என்று வைத்திருந்தேன். நாத்தனாரை குரூப்பில் சேர்த்திருந்தால் அந்த மெசேஜ் அவள் போனுக்கே வந்திருக்கும். அவளுக்கும் அங்கே இடம் இல்லை என்று வைத்தவள் நான்தான். என் ரோஷத்தால் ஊரையெல்லாம் வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு, கடைசியில் உள்ளே மாட்டிக்கொண்டவள் நானே என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

"பேத்தி அங்க என்ன பாடு படறாளோ, நீ இங்க நம்பரை மடியில கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே அண்ணி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. சொன்னேன். ஆறு எண்ணையும் சொன்னேன். அமுக்கினாள். மறுபடியும் உர்ர்.

"தப்பாச் சொல்றியா?"

"நான் தப்பாச் சொல்வேனா? நீதான் தப்பாப் போட்டிருப்பே."

"நான் சரியாத்தான் போட்டேன். ஏற்கனவே நீ தப்பாப் போட்டதுக்குத் தண்டனையாம், கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு மறுபடி போடுங்கன்னு எழுதிக் காட்டுது."

காத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். மருந்து வண்டி சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"அது என்ன தேதி அண்ணி? அண்ணன் போன நாளா?"

"இல்ல."

"கல்யாண நாளா?"

"அதுக்கெல்லாம் யாரு பூட்டுப் போடுவா? போட்டோ எடுத்த நாள்."

"எந்த போட்டோ?"

எந்த போட்டோவாம்! எனக்கு அடக்க முடியவில்லை. நாற்காலி, முழங்கை, இத்தனை வருஷமாக "அது நான்" என்று சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "என் போனுக்கும் அதே நம்பர்தான் அண்ணி."

"என்னது?"

"அதே நாள்தான். நாற்காலில நான் ஏன் உக்காந்தேன்னு நீ கேட்டதே இல்லையே. நீ போட்டோக்காரர்கிட்ட என்ன சொன்னே? 'கட்டிக் குடுத்த பொண்ணு இதுல எதுக்கு, வீட்டு ஆளுங்க மட்டும் நில்லுங்க'ன்னே. எனக்குச் சுருக்குன்னுது. நானும் இந்த வீட்டுப் பொண்ணுதான்னு காட்டத்தான் நடுவுல போய் உக்காந்தேன்."

நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்றேன். சொல்லியிருந்தாலும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன் என்றேன். அதற்குள் போன் மனம் இரங்கியது. அதே ஆறு எண், திறந்துகொண்டது. அந்தப் 'படுங்க பாட்டி'யின் குரல் வந்தது. "பாட்டி, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவதான் உங்களுக்கு முதல்ல சொல்லச் சொன்னா, நீங்க போன் எடுக்கல, அதான் குரூப்புல போடறேன்." அழுதுகொண்டே சொன்னான். அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி ஒரு கீச்சு. நானும் நாத்தனாரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டோம். போட்டோவும் வந்திருந்தது. எனக்குத் தெரியாதே, அவள்தான் பார்த்துச் சொன்னாள். நெற்றி எப்படி, காது எப்படி, கை எப்படி மூடியிருக்கிறது என்று எல்லாம் சொன்னாள். "மூக்கு?" என்றேன். "எங்க வீட்டு மூக்கு" என்றாள். அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை பார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. யார் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறவள் நான், என் வாயிலிருந்து வந்ததை மட்டும் எப்படி மறந்தேன் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டூடியோவின் விளக்குச் சூடு, போட்டோக்காரர் கழுத்தில் போட்டிருந்த துண்டு, நான் கையை ஆட்டிச் சொன்னது, அந்தத் தொனி எல்லாம் அப்படியே வந்து நின்றது. சொல்லியிருக்கிறேன், தங்கச்சி. மெதுவாகவும் சொல்லவில்லை. விடிந்ததும் அவள் கையைப் பிடித்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புதான், மனசுல வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. (ஏன் பேனா நிற்கிறது? மை தீர்ந்துவிட்டதா? எழுது.)

ஆகவே நீ போனைத் துண்டிலிருந்து வெளியே எடு. பயப்பட அதில் ஒன்றும் இல்லை. பூட்டு எண்ணாகக் கோபத்தை வைக்காதே. எல்லாரையும் குரூப்பில் சேர். நாத்தனாரை நான் சேர்த்துவிட்டேன். வந்த அன்றே பூப் படமாகப் போட்டுத் தள்ளுகிறாள், பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய். குடையைக் கொடுத்தனுப்பு. எல்லாரும் நீண்ட நாள் நல்ல சிக்னலோடு வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இது எழுதுகிறவள் தானாக எழுதுவது. அண்ணி கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், அதற்குள் எழுதி ஒட்டிவிடுகிறேன். என் போனுக்குப் பூட்டே கிடையாது. எனக்கு வருவதெல்லாம் கடை விளம்பரம், அதை யார் பார்த்தால் என்ன? அந்த போட்டோ எடுத்ததே எனக்கு ஞாபகம் இல்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்தேனாம், கால் வலித்திருக்கும். வார்டில் அதைச் சொல்லும்போது அவள் உதடு துடித்தது. இதோ அழப்போகிறாள் என்று தெரிந்தது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லியிருந்தார். அழுகையை நிறுத்த அவளுக்குக் கோபம்தான் வர வேண்டும், அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். "கட்டிக் கொடுத்த பெண்" பேச்சை அவள் பேசியதே இல்லை, நான் அந்த நிமிஷம் கட்டியது. அதை அவள் ராத்திரி முழுக்க யோசித்து ஞாபகப்படுத்திக்கொண்டு வருவாள் என்று நான் என்ன கண்டேன்? விடிந்ததும் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கையைப் பிடித்துவிட்டாள். நீ அவளிடம் சொல்லிவிடாதே. இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காத மன்னிப்பு அது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.