அண்டத்தாரின் மாப்பிள்ளைக் குவியல்கள்

பிரபஞ்சத்தின் வம்சவரலாற்றை நாரந்தனையில் ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே குழப்பியடித்தவன் நான். விண்வெளி பற்றி இரண்டு புத்தகம் வாசித்துவிட்டு, மூன்றாவதை எழுதக்கூடியவன் மாதிரி ஊரில் கதைத்துத் திரிந்ததன் பலன் அது.

அண்டத்தாரும் அதற்கு உடந்தை. எந்நேரமும் அண்டக் கதை சொல்லி, தீவுப்பகுதியில் ஒருவரையும் நிம்மதியாகச் சோறு தின்ன விடாத மனிதர்; ஊர் வைத்த பட்டம்தான் அண்டத்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் வேலை. கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தை வளரவிட்டு, இடையிடையே படம் பிடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படத்திலும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் குவியல் குவியலாகக் கிடக்கும். சின்னக் குவியல் பெரியதில் விழுந்து கலக்கும். எது எதற்குள் போனது என்று படத்துக்குப் படம் கோடிழுத்து வம்ச மரமாக்குவதுதான் அவருடைய தொழில்.

இதை எனக்கு விளக்குவதற்காக மடத்துவெளியில் ஒரு கலியாண வீட்டு மாடியில் ஏறி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பந்தலைப் படமெடுத்தார்.

"இந்தக் கும்பலில நிண்ட ஆக்களில அரைவாசிக்கு மேல அடுத்த படத்தில எங்கை நிக்கினமோ, அதுதான் அதே கும்பல். விளங்குதோ?"

கீழே நின்ற பெண்ணின் தகப்பன் சொன்னார்: "விளங்குது. எல்லாரும் பந்தியில நிக்கினம். நீரும் இறங்கி வந்து சாப்பிடும்."

கணினி தடுமாறிய மரங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் அவ்வளவுதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அண்டத்தார் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"ரெண்டு குவியல் சேருற இடத்தில, எந்தக் குவியலின்ரை வம்சம் தொடருதோ அதுதான் தலைவழி; அதைச் சிவப்பால கீறும். நீர் வாசிச்ச மனுசன்தானே."

"ஓம் அண்ணை. அதென்ன பெரிய வேலை."

புதன்கிழமை வந்து தாள்களைப் புரட்டியவர் ஒன்றை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஐசே, எல்லா மரத்திலயும் வந்து சேர்ந்த சின்னனையெல்லோ தலையாக்கி வச்சிருக்கிறீர்?"

"மாப்பிள்ளை வந்து ஏறினாப் பிறகு அவர்தானே அண்ணை குடும்பத் தலைவர்?"

"வீடு ஆரின்ரை?"

"பொம்பிளையின்ரை."

"பெரிசு எது, வீடோ வந்த ஆளோ?"

யோசித்துப் பார்த்தேன். நான் இருந்த வீடு, வளவு, சாய்மனைக் கதிரை எல்லாமே மனைவியின் சீதனம்.

இரண்டு நாள் அவர் எங்கள் விறாந்தையை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு மரமாகத் திரும்பக் கீறினார். கோட்டுக்கு ஒரு ஏச்சு, ஏச்சுக்கு ஒரு தேத்தண்ணி. ஏச்சு எனக்கு, தேத்தண்ணி அவருக்கு. வெள்ளி மத்தியானம் அனுப்பினார். ஒப்பந்தம் தப்பியது. இனி இந்த ஆள் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று நான் சபதமே எடுத்தேன்.

திங்கள் காலை படலை திறந்தது. அண்டத்தார் கையில் முந்தியதிலும் தடித்த தாள்கட்டு.

"இந்தமுறை பென்சிலால கீறும்," என்றுவிட்டுப் போனார்.

சபதம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில் ஒருவராவது என் திறமையைக் கண்டுகொண்டார் என்று அந்தத் தாள்கட்டை மனைவியிடம் தூக்கிக் காட்டினேன்.

"பாவம்," என்றாள் அவள். "அந்த மனுசனுக்குக் கதைக்க வேற ஆளே கிடைக்கேல்லைப் போல."