குசினி ஐயா கொண்டுவந்த சோறு

மனிசியின் உடுப்பைத் தோய்த்து, றோட்டால் போகிற வருகிற சனமெல்லாம் பார்க்கக் கொடியில் காயப்போட்ட முதல் ஆம்பிளை, எனக்குத் தெரிந்து இந்த வன்னி மண்ணிலேயே எங்கள் குசினி ஐயாதான். அவருக்கு முதல் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. அவரைப் பார்த்த பிறகும் ஒருவரும் செய்யவில்லை.

உருத்திரபுரத்தில், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லுகிற எங்கள் சின்னத் தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் முன்வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்த வெள்ளைக்காரச் சோடி அது. இரண்டு பேருக்கும் தலை முழுக்க நரை. மனிசி சம்பளம் வாங்காமல் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வந்தவா. செயற்கைக் கால் போட்ட சனத்துக்கு நடக்கப் பழக்குவா. அதனால் அவா தெரபி அக்கா. மனிசனுக்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். சொந்த நாட்டில் பாலம் கட்டிய இஞ்சினியராம். இங்கே?

"நானும் தொண்டன்தான்," என்றார், புத்தகம் பார்த்துப் படித்த தமிழில். "அவள் மக்களுக்குத் தொண்டு செய்கிறாள். நான் அவளுக்குச் சோறு சமைக்கிறேன்." எந்நேரமும் குசினியில், சமையலறையில், நிற்கிறவர் என்பதால் அவர் எங்களுக்குக் குசினி ஐயா.

காலையில் தெரபி அக்கா ஸ்கூட்டியில் வெளிக்கிட, இவர் இடுப்பில் கட்டின சாரத்தோடு கேற்றடியில் நின்று கை காட்டுவார். அக்கா மூலை திரும்பினதும் உள்ளே போய்த் திருவலையில் குந்தித் தேங்காய் திருவத் தொடங்கிவிடுவார். முதல் மாதம் புட்டு அவித்தார். அந்தப் பெரிய பாலமெல்லாம் கட்டின மனிசனின் புட்டு, குழலை விட்டு வெளியே வந்து ஒருநாளும் நிற்கவில்லை. பிறகு பிறகு நின்றது.

நிம்மதி போனது எங்களுக்குத்தான். என் மனிசி மனோ வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் சட்டி கழுவுது. நீங்கள் குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையையாவது ஒருநாள் தூக்கி வைச்சிருக்கிறியளோ?"

ஒழுங்கை ஆம்பிளையள் எல்லாரும் சேர்ந்து என்னைத் தூது அனுப்பினார்கள். நான் போய், உடுப்பை வீட்டுக்குப் பின்னால காயப்போட்டால் நல்லது ஐயா என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் பின்பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்பக்கம் வெயில் இல்லை," என்றார். நான் வந்துவிட்டேன்.

இப்படியெல்லாம் இருந்தாலும் அந்த மனிசனுக்கு ஒரே ஒரு ஆசைதான். தான் சமைத்ததை இந்த ஒழுங்கையில் ஒரு ஆள், ஒரேயொரு ஆள், இருந்து சாப்பிட வேண்டும். கோப்பையில் போட்டு மூடிக்கொண்டு வீடு வீடாக வருவார்.

"ஐயோ ஐயா, இப்பதான் சாப்பிட்டனாங்கள்," என்பார்கள்.

அவர் அதை அப்படியே நம்பினார். அடுத்த நாள் கொஞ்சம் வெள்ளன வந்தார். இப்பதான் சாப்பிட்டனாங்கள். அதற்கடுத்த நாள் இன்னும் வெள்ளன வந்தார். கடைசியில் ஒருநாள் நான் பல்லு விளக்கிக்கொண்டு கிணற்றடியில் நிற்க, கத்தரிக்காய்க் குழம்போடு வந்து நின்றார். வாயில் நுரையோடு நானும் அதைத்தான் சொன்னேன். உலகத்திலேயே இவ்வளவு வெள்ளன மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிற சனத்தைத் தான் கண்டதில்லை என்று தெரபி அக்காவிடம் சொல்லி வியந்தாராம்.

விசயம் வேறு. வெள்ளைக்காரர் மாடு சாப்பிடுவினம், அந்தச் சட்டியில மாடு காய்ச்சியிருப்பினம் என்று ஒழுங்கை முழுக்க ஒரு கதை. யார் துவக்கியது என்று தெரியாது. மனோதான் துவக்கினாள் என்றும் ஒரு கதை இருந்தது. நான் விசாரிக்கப் போகவில்லை, எனக்கு இரவு சாப்பாடு வேண்டுமே.

அந்த நேரம் கடைசி வீட்டுத் தாத்தா ஒருவர் மோசம் போய்ச் செத்த வீடு நடந்தது. அயலட்டை எல்லாம் சட்டி பானையோடு அந்த வீட்டுக்குப் போவதைக் கண்டு இவரும் ஒரு சட்டி தேங்காய்ப்பால் சொதியோடு வெளிக்கிட்டார். அந்த வீட்டுப் படலை வாசலில் நின்ற மனோ, "சாப்பாடு நிறைய வந்திட்டுது ஐயா," என்று பக்குவமாகத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் என்னிடம் வந்தார்.

"ஏன் எல்லோரும் உணவு கொண்டு போகிறார்கள்?"

"செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது ஐயா. அயல்தான் சாப்பாடு குடுக்கிறது. மச்சம் மாமிசம் கூடாது, மரக்கறிதான். போகேக்க சொல்லிக்கொண்டு போகவும் கூடாது."

"யார் இறந்தால்?"

"வீட்டு ஆள் செத்தால்."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். தானும் மனிசியும் அந்தச் சொதியையே இரண்டு நேரமும் சாப்பிட்டார்கள்.

மாரி தொடங்கின கையோடு எங்கள் பசு செல்லியைப் பாம்பு கடித்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து சேர முதலே கதை முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. செல்லியை மனோ, "என்ர மூத்தவள்" என்றுதான் எல்லாருக்கும் சொல்லுவாள். பெடியள் வந்து பின்வளவில் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். மனோ குசினிப் படியில் குந்தினவள், எழும்பவேயில்லை. அழுது முடிந்து, சும்மா கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வாய் தண்ணி குடிக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"எழும்பு மனோ, ஒரு வாய் சாப்பிடு."

"எனக்கு ஒண்டும் வேண்டாம். என்னை விடுங்கோ."

பேக்கரிப் பாண் விற்கிற சூன்பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பாண் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. அயலட்டைச் சனம், "ஒரு மாட்டுக்கு இந்தக் கூத்தோ?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கும் கேட்டது.

மத்தியானம் முன்வீட்டுக் கேற் திறந்தது. குசினி ஐயா வெள்ளை வேட்டி உடுத்து, அது கழன்று விழாமல் இருக்கப் பெல்ட் கட்டி, இரண்டு கையிலும் சட்டியோடு வந்தார். பின்னால் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்ட தெரபி அக்கா, ஒரு வெள்ளைச் சீலையை எப்படியோ உடம்பில் சுற்றிக்கொண்டு, சோற்றுப் பானையோடு. ஒழுங்கையில் எல்லா வேலிக்கு மேலாலும் தலைகள் தெரிந்தன. நானே ஒருகணம் சிரித்திருப்பேன். அவர்களின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. செத்த வீட்டுக்கு வந்த முகம் அது, நடிப்பில்லை.

சட்டிகளை மனோவுக்கு முன்னால் வைத்தார். பருப்பு, பூசணிக்காய்க் கறி, சொதி. ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள்.

மனோ சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புதுச் சட்டி. கடைக்காரன் சோக்கால் எழுதின விலைகூட ஒன்றில் அழியாமல் இருந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக. "நாங்கள் கதைச்சது அந்த மனிசனுக்குத் தெரிஞ்சிருக்கு. முதலே தெரிஞ்சிருக்கு. அதுதான் புதுச் சட்டியில சமைச்சிருக்கு."

பிறகு படலைப் பக்கம் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "ஐயா! அக்கா! எங்க போறியள்? வந்து இருங்கோ. நான் தனியச் சாப்பிடுறதோ?"

இரண்டு பேரும் திரும்பி வந்து நிலத்திலேயே இருந்தார்கள். மனோ சோற்றைப் போட்டு, சொதியை ஊற்றிப் பிசைந்தாள். குசினி ஐயாவுக்கு மூச்சே வரவில்லை. கட்டின பாலத்தில் முதல் லொறி ஏறும்போதும் இப்படித்தான் இருந்திருப்பார் போல. மனோ ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கண்ணில் தண்ணி வழிய வழிய விழுங்கினாள்.

"ஐயா, சொதிக்கு உப்புக் காணாது."

மனிசன் எழும்பி ஓடினார். எங்கள் குசினியிலேயே உப்பு இருக்கிறது என்று நான் கத்தக் கத்த, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு றோட்டைத் தாண்டித் தன் வீட்டுக்கு ஓடினார். உப்புப் பைக்கற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. வேலியில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது. ஒழுங்கையில் எல்லாரும் மாட்டுக்கு என்று நினைத்தார்கள். நானும் ஓமோம், மாட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.