கைராசிக்காரரின் மூக்கு

சலூன்காரர் அன்று காலை, மூக்கை மறைக்க எந்நேரமும் மாட்டியிருக்கும் நீல முகமூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். கழற்றிய கையோடு கண்ணாடியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மூக்கு இடப்பக்கம் சாய்ந்து, வெளியூர் கிளம்பிவிட்டதுபோல் இருந்தது.

மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. இல்லாத குறையைத் தன் உடம்பில் கண்டுபிடித்து உருகுகிற நோய் இது என்ற மனநல ஆலோசகர், மைண்ட்ஃபுல்னெஸ் என்ற மனப்பயிற்சியைப் பழகச் சொல்லியிருந்தார். "நினைப்பு வந்தா அதோட மல்லுக்கு நிக்காதீங்க. வந்திருக்கு, போகட்டும்னு விட்டுட்டு மூச்சைக் கவனிங்க. இல்லேன்னா கையில இருக்கற வேலையைக் கவனிங்க."

சலூன்காரரின் மகள் வரைந்த குடும்பப் படத்தில் அம்மா சிரித்தாள், பூனைக்குக்கூட மீசை இருந்தது. அப்பாவுக்கு மட்டும் கண்ணுக்குக் கீழே ஒரு நீலக் கட்டம். அதைப் பார்த்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு ஸ்டூடியோவில் எல்லோருமாகப் படம் எடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று முழுக்க வெறும் முகத்தோடு நின்றால்தான் நாளை கேமரா முன் நிற்க முடியும்.

வேலை பார்க்கும் கடையில் அவருக்கு மவுசு அதிகம். தழும்புக்காரர், சொட்டைக்காரர் என்று ஊரிலுள்ள கூச்சக்காரர்கள் எல்லாம், முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தாலும் இவருக்காகவே காத்திருப்பார்கள். "கைராசிப்பா உனக்கு!" என்பார் முதலாளி.

முதலில் ஒரு மீசைக்காரர் வந்தார். கத்தரிக்கோலை எடுத்ததுமே மூக்கு நினைப்பும் வந்தது. "போகட்டும்," என்று சலூன்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மீசைக்காரர் இரு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "எது போகட்டும்? இதுல கை வச்சீங்க, நடக்கறதே வேற!"

சரி, வாய் வேண்டாம், மூச்சைக் கவனிப்போம். ஆழமாக இழுத்து, நீளமாக விட்டார். வெட்டிய முடியெல்லாம் பறந்துபோய், பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்து நுரையில் ஒட்டிக்கொண்டது. தாடி எடுக்க வந்தவருக்குப் புதுத் தாடி!

"மூச்சு விடறதா இருந்தா வெளியே போய் விட்டுட்டு வாப்பா!" என்று கத்தினார் முதலாளி.

அடுத்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி பெஞ்சில் உட்கார, தோள்வரை முடி வளர்த்த கணவர் நாற்காலியில் ஏறினார். "நுனி மட்டும்தான். காது வெளிய தெரியவே கூடாது."

வாயும் கைவிட்டது, மூச்சும் கைவிட்டது. இனி வேலைதான் கதி. சலூன்காரர் கத்தரிக்கோல் சத்தத்தில் மனத்தை வைத்தார். என்ன ஆச்சரியம், மூக்கு சுத்தமாக மறந்துபோயிற்று! கூடவே நுனியும் மறந்துபோயிற்று. நினைவு வந்தபோது இடது காது முழுசாக வெளியே வந்திருந்தது. சமன்செய்யப் போய், வலது காதும் வெளியே வந்தது.

கணவர் கண்ணாடியை வெறித்தார். போச்சு, மூக்கைத்தான் பார்க்கிறார்! சலூன்காரர் இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"சொல்லிடுங்க சார். மூக்குதானே?"

"எந்த மூக்கு? நீங்க சொல்லுங்க, காதுதானே?"

"காதுக்கு என்ன?"

"முறம் மாதிரி இல்லை?"

"காது மாதிரிதான் இருக்கு. என் மூக்கு கோணலா இல்லை?"

கணவர் திரும்பி உற்றுப் பார்த்தார். "மூக்கு மாதிரிதாங்க இருக்கு."

இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சலூன்காரர் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு போன் போட்டார். "நாளைக்கு ஸ்டூடியோவுக்குச் சீக்கிரமே போயிடலாம்!"

முதலாளிக்கும் வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? காது கூச்சமே போயிடுச்சு! நான் சொல்லலை, இவருக்குக் கைராசின்னு!"

"கைராசியாவது ஒண்ணாவது!" என்றாள் பெஞ்சிலிருந்த மனைவி. "உங்க ஆளு எப்பவும் கண்ணாடியில தன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பாரு, நம்ம மூஞ்சியை ஏறெடுத்தும் பாக்க மாட்டாருன்னு ஊரே சொல்லிச்சேன்னுதான், நான் என் வீட்டுக்காரரை இந்தக் கடைக்கே கூட்டிட்டு வந்தேன்!"