நாதக் காப்பும் பத்து மணிக்கட்டுகளும்

சிங்கப்பூரில் வரிசை நீளமாக இருந்தால் போதும், எதற்கு என்று கேட்காமலே பின்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில் ஒரு வாடகை மண்டபத்து வாசலிலிருந்து லிஃப்ட் வரை வரிசை. அத்தனை பேரும் மேளக்காரர்கள். உறுமி, தவில், டிரம் செட் என்று வகைக்குப் பத்துப் பேர். ஒருவருக்குத் தோள் வலி, ஒருவருக்கு மணிக்கட்டில் கட்டு. மண்டபம் முழுக்கத் தைல வாசனை.

மேடையில் தாளசித்தர் பரமசிவம் வீற்றிருந்தார். போன வருடம் வரை தண்ணீர் வடிகட்டி விற்றவர். இப்போது மலையில் தவமிருந்து கண்டெடுத்த ‘நாதக் காப்பு’ விற்கிறார். மணிக்கட்டில் மாட்டினால் வலி பறந்துவிடுமாம். எந்த மலை என்று கேட்காதீர்கள். அவர் குடியிருக்கும் புக்கிட் மேரா அடுக்குமாடிப் பேட்டையும் ஒரு காலத்தில் மலைதான்.

முன்வரிசையில் இருந்தான் வருண். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை உறுமவைக்கும் அவனுடைய இடது கை இரண்டு மாதமாகத் தகராறு செய்தது. காலையில் பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியவில்லை. “ஆறு வாரம் மேளத்தைத் தொடாதீங்க. தொட்டா அப்புறம் எப்பவுமே தொட முடியாது” என்றார் டாக்டர். உறுமி மேளப் போட்டிக்கு இருந்ததோ மூன்றே வாரம். அன்றே வருண் சித்தரிடம் ஓடினான்.

“விரல் மரத்துப் போகுதா? அது நோய் இல்ல தம்பி. நாதம் உள்ள இறங்குது!” என்று சொல்லிக் காப்பை மாட்டிவிட்டார் சித்தர்.

மேளக்காரர்களுக்கு இந்த வசனம் தேன். கையில் கொப்புளம் வந்தால் அதைப் படம் எடுத்து ஊருக்கே அனுப்புகிற கூட்டம் அல்லவா! அடுத்த ஒரு வாரம் வருண் தினம் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்தான். நாதம் முழங்கை வரை இறங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மேடையில் சித்தர் சோதனையைத் தொடங்கினார். தவில்காரர் ஒருவர் கையை நீட்டினார். இரண்டே விரலால் அழுத்தினார் சித்தர், கை விழுந்தது. காப்பை மாட்டி மறுபடி அழுத்தினார், கை அசையவில்லை. மண்டபம் கைதட்டியது. காப்புகள் பறந்தன.

“அண்ணே, அவர் எங்க அழுத்துறார்னு பாத்தீங்களா?” என்று வருணின் காதில் கிசுகிசுத்தாள் ரக்ஷனா. அவனுடைய குழுவில் உறுமி பழகுகிறவள். சாங்கியில் சரக்குக் கிடங்கில் வேலை. “காப்பு இல்லாதப்ப மணிக்கட்டுல அழுத்துறார். மாட்டுனதும் விரல் தோள்பக்கம் போயிடுது. கதவைக் கீல் பக்கமா தள்ளுனா நகருமா?”

“சும்மா இரும்மா. சாமி விஷயம்.”

“சாமி விஷயம்னா ரசீது எதுக்கு தர்றார்?”

வருண் தடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். “ஐயா, ஒரு சின்ன ஆசை. பத்து பேர் அந்த மறைப்புத் தட்டிக்குப் பின்னால போவாங்க. சில பேர் காப்பு போடுவாங்க, சில பேர் போடமாட்டாங்க. எல்லார் மணிக்கட்டுலயும் துண்டு சுத்தியிருக்கும். யார்கிட்ட காப்புன்னு நீங்க அழுத்திப் பார்த்துச் சொல்லணும். உங்க சக்தி துண்டைத் தாண்டாதா என்ன?”

கூட்டம் சிரித்தது. “காட்டுங்க சித்தரே!” என்று பக்தர்களே கத்தினார்கள். பாவம், அவரை மாட்டிவிட்டவர்கள் அவர்கள்தான்.

ரக்ஷனா கூட்டிப்போன பத்துப் பேரும் துண்டோடு வந்தார்கள். சித்தர் முதல் ஆளை அழுத்தினார், கை விழுந்தது. “காப்பு இல்ல!” அவர் டிரம் செட் இம்ரான். துண்டைப் பிரித்தால் மூன்று காப்பு. “மூணும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்குச்சு” என்று சமாளித்தார் சித்தர். ஒன்பதாவது ஆள் வரை இப்படியே போனது. நாலு சரி, ஐந்து தப்பு. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இவரைவிடக் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கும்.

பத்தாவது ஆள், ரக்ஷனா கையோடு இழுத்துப்போயிருந்த வருண். வியர்த்துப்போன சித்தர் அவன் தோளருகே அழுத்தினார். கை அசையவில்லை. “பாத்தீங்களா! இரும்பு! இதுதான் என் காப்பு!”

வருண் துண்டைப் பிரித்தான். உள்ளே இருந்தது, காப்பைக் கழற்றிவிட்டு ரக்ஷனா மாட்டிய, தேக்கா சந்தையில் வாங்கிய கங்கோங் கீரைக் கட்டிலிருந்து உருவிய ரப்பர் பேண்ட்.

“சந்தேகம் இருக்கிற இடத்துல சக்தி வேலை செய்யாது!” என்றார் சித்தர்.

“அதை முதல்லயே டப்பாமேல எழுதியிருக்கணும்லா!” என்றார் இம்ரான். எல்லாரும் காப்பைக் கழற்றி மேடையில் போட்டார்கள். சித்தர் பின்வாசலைத் தேடிப் போய்விட்டார்.

வருண் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டு மாதமாக இறங்கியது நாதம் இல்லை என்றால், இறங்கியது என்ன?

“என் கை போயிடுமா?” என்று ரக்ஷனாவிடம் கேட்டான்.

“டாக்டர் சொன்னதைக் கேட்டா போகாது அண்ணே. எங்க கிடங்குல ஒரு பெட்டி தூக்குறதுக்கு முன்னாடிகூடத் தோள், மணிக்கட்டெல்லாம் சுத்தி இளக்கச் சொல்வாங்க. நாம நேரா மேளத்துல பாய்றோம். குச்சியை எதிரி கழுத்து மாதிரி நெரிக்கிறோம். மேளத்தோட பட்டையை ஒரே தோள்ல போட்டு மணிக்கணக்கா நிக்கிறோம். வலிச்சா நிறுத்தணும். அவ்வளவுதான் ரகசியம். இதை இலவசமாச் சொன்னா யாருக்கும் பிடிக்காது.”

போட்டியன்று முன்வரிசையில் ரக்ஷனா உறுமியோடு நின்றாள். வருண் ஓரத்தில் நின்று வாயால் தாளம் சொன்னான். மூன்றாம் பரிசு கிடைத்தது. வருணுக்குக் கண் கலங்கியது. ஆனால் கை பிழைத்தது. ஆறு வார ஓய்வு முடிந்து ஏழாவது வாரம் கால் மணி நேரம் மட்டும் உறுமியைத் தொட்டான். வலிக்கவில்லை.

ஒரு மேளம் வாங்குவதென்றால் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, வாரை இழுத்துப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துத்தான் வாங்குகிறோம். சித்தர்களை மட்டும் ஏன் ஐயா தட்டிப் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம்? தட்டிப் பாருங்கள். உள்ளே காலி என்பது முதல் தட்டிலேயே கேட்கும்.